முன்சக்கர பிரேக் மாற்றிய நாட்கள்

அக்டோபர் 5, திங்கள்

புழுக்கம். மேகம் மட்டும், மழை இல்லை. காலை ஆறரைக்கு வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகள் மேல் உட்கார வைத்தாயிற்று. பின்சக்கரங்களுக்குக் கருங்கல் முட்டு. முன்சக்கரம் இரண்டும் ஷெட் சுவரில். இடுப்பு அப்போதே முனக ஆரம்பித்துவிட்டது.

கையில் இருப்பவை:
டிஸ்க் தட்டு இரண்டு. புதுப்பேட்டை பழைய பாகக் கடையில் அகப்பட்டது. இதே வண்டியின் பிந்தைய மாடலுடையது, அப்படியே பொருந்தும்.
அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தாடை இரண்டு. புத்தகத்தில் காலிப்பர். தாடை என்றே எழுதுவேன்.
எல்லாச் சிலிண்டருக்கும் புது ரப்பர்.
பிரேக் ஆயில் மூன்று டின்.
வண்டியைக் கொடுத்த துரை விட்டுப்போன இங்கிலீஷ் ரிப்பேர் புத்தகம், பாதி அட்டை இல்லை. அகராதி.

இல்லாதவை: கூட ஒரு ஆள். நல்ல முதுகு.

எதிர்வீட்டு ராமநாதன் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றார். "என்ன சார், ஏரோப்ளேன் எப்ப கிளம்புது? மீனம்பாக்கத்துக்குச் சொல்லிடட்டுமா?" இரண்டு பேர் உட்காரும் வண்டி, துணிக்கூரை, எழுநூறு கிலோகூட எடை இல்லை. பல்லாவரம் தோல் கம்பெனி துரை ஊருக்குப் போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அவர் கம்பெனி ஸ்டோர்ஸில் முப்பத்தோரு வருஷம் உதிரிப் பாகங்களுக்கு நம்பர் ஒட்டினேன். எட்டாவது படித்தவன் கையில் ஸ்பானர் கொடுக்கக் கூடாதாம். இந்த வண்டியில் எல்லாம் நானே கற்றுக்கொண்டேன். வேறு ஒருவன் கை பட்டது ஒரே ஒரு தடவை.

அந்தத் தடவை பற்றி இன்னொரு முறை எழுதி வைக்கிறேன். 68 ஆகஸ்ட். மெக்கானிக் ஏகாம்பரத்திடம் முன் பிரேக் பார்க்கக் கொடுத்தேன். அதே மாதம் ஒரு ஞாயிறு, பூசைக்குப் போகும்போது ரயில்வே கேட் மூடுகிறார்கள். மிதித்தேன். மிதி தரை வரை போயிற்று. வண்டி போய்க் கேட் கம்பத்தில் முட்டி நின்றது. எனக்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் இருந்த மனைவி லூர்துவின் இடது முழங்கால் டாஷ்போர்டில் மோதி, இன்றுவரை மடங்காது. பஸ் படி ஏற முடியாது. "நிக்காத வண்டியில நான் ஏற மாட்டேன்" என்றாள். ஏறவில்லை. இரண்டு வருஷமாக வண்டி ஷெட்டில். வாரம் ஒரு தடவை இன்ஜினை மட்டும் ஓட்டுவேன்.

ஏகாம்பரத்தை அவன் கடை வாசலில், நாலு பேர் முன்னால், கொலைகாரன் என்று சொன்னேன். ஸ்கூல் வேனை அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதினேன். லூர்து அங்கேதான் இருபத்திரண்டு வருஷம் டீச்சராக இருந்தாள். கடிதம் எழுதியது அவளுக்குத் தெரியாது. பிள்ளைகள் ஏறும் வண்டி, எழுத வேண்டியது என் கடமை.

ஷெட்டில் எலிப் புழுக்கை. பெருக்க வேண்டும்.

அக்டோபர் 6, செவ்வாய்

பழைய பிரேக் டிரம் கழலவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம். மரச்சுத்தி. வலது பக்கம் பத்தரைக்கு வந்தது. இடது பக்கம் சாப்பாட்டுக்குப் பிறகு. கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது.

சக்கரச் சிலிண்டரைத் திறந்தேன். உள்ளே இருக்கும் ரப்பர் கப் பழைய நாலணா அளவு இருக்க வேண்டும். ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பி, வெளியே வர மறுத்தது. ஊசி போட்டு நோண்டினேன். விரலெல்லாம் பிசின்.

பிடித்துவிட்டேன் அவனை. மட்ட ரப்பர் போட்டிருக்கிறான். இரண்டு வருஷமாக நான் சொன்னதற்கு இதோ சாட்சி. ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி, ரப்பரை அதில் போட்டு, மேலே தேதி ஒட்டினேன்.

லூர்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க அது, நெல்லிக்காயா?"

"சாட்சி."

"சாட்சிய சமையல்கட்டுல வைக்காதீங்க."

மாலை. பின்சக்கரச் சிலிண்டர்களும் திறந்தாயிற்று. அவற்றின் ரப்பரும் உப்பியிருக்கிறது. மிதிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய சிலிண்டரிலும் அப்படியே. இது புரியவில்லை. ஏகாம்பரம் பார்த்தது முன்சக்கரம் மட்டும். பின்னால் அவன் தொடவே இல்லை.

களைப்பு. இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டேன்.

அக்டோபர் 7, புதன்

காலையில் தூறல், பத்து நிமிஷம். புழுக்கம் கூடிற்று.

டிஸ்க் தட்டு இரண்டும் ஏற்றியாயிற்று. தாடைகள் ஏற்றியாயிற்று. போல்ட் அப்படியே உட்கார்ந்தது. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் உரசல் இல்லை. நானே செய்தது. சொல்ல ஆள் இல்லை.

பழைய குழாய்களை ஸ்பிரிட் விட்டு இரண்டு முறை கழுவினேன்.

மகள் ஸ்டெல்லாவிடமிருந்து கார்டு. குழந்தைக்கு ஞானஸ்நானம் பதினெட்டாம் தேதி ஞாயிறு, பல்லாவரம் கோயில், பத்து மணி. பிறகு பொழிச்சலூரில் அவர்கள் வீட்டில் சாப்பாடு.

"மாப்பிள்ளை டாக்ஸி அனுப்பறேன்னு எழுதியிருக்காரு" என்றாள் லூர்து.

"நீ டாக்ஸியில போ. நான் வண்டியில வரேன்."

"பேரனுக்கு ஞானஸ்நானம். தாத்தா ஒரு வண்டி, பாட்டி ஒரு வண்டி. கூட ரெண்டு பேண்டு வாத்தியமும் வச்சுக்கலாம்."

"டிஸ்க் பிரேக் போடறேன் லூர்து. துரைமாருங்க பந்தயத்துல ஓட்டற வண்டிக்குப் போடறது. யானை குறுக்க வந்தாலும் நிக்கும்."

"தாம்பரத்துல யானை எங்க இருக்கு" என்று உள்ளே போனாள். காலை இழுத்து இழுத்து. அந்தச் சத்தம் இந்த வீட்டில் கடிகாரச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. இரவும் பகலும் என் மேல் குற்றச்சாட்டு. தப்புச் செய்தவன் கேட்டுக்கு அந்தப் பக்கம் நிம்மதியாகக் கடை நடத்துகிறான்.

பதினோரு நாள் இருக்கிறது. அவளை இந்த வண்டியில்தான் கூட்டிப்போவேன்.

அக்டோபர் 8, வியாழன்

வெயில்.

தாடைக்குப் போகும் சிறு குழாய் இரண்டும் புதிதாகச் செய்ய வேண்டும். தாமிரக் குழாய் இருக்கிறது. நாலு முனையையும் குடை மாதிரி மடித்து விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் கசியும். அதற்கு ஒரு கருவி. குரோம்பேட்டையில் விசாரித்தேன், இல்லை. பல்லாவரத்தில் வைத்திருந்தவர் கடையை மூடிவிட்டார். தாம்பரத்தில் இருப்பது ஒருவனிடம்தான்.

போகலாம். சாட்சி பாட்டிலோடு போகலாம். "நீ போட்ட ரப்பர், பார்" என்று மேஜை மேல் வைத்துவிட்டு, பிறகு கருவியைக் கேட்கலாம். தேதி சுத்தமாகச் சொல்ல வேண்டும் என்று 68 டைரியை எடுத்தேன்.

ஆகஸ்ட் 1. "ஏகாம்பரம் முன் பிரேக் ஷூ, ரப்பர் மாற்றினான். இரண்டு நாள் ஓட்டிவிட்டு வரச் சொன்னான், ஆயில் மட்டம் இறங்கும், பார்த்து ஊற்றுவானாம்."

ஆகஸ்ட் 10. "ஆயில் இறங்கியிருக்கிறது. இதற்கெல்லாம் அவனிடம் போவதா. கடையில் பிரேக் ஆயில் ஸ்டாக் இல்லை. லூர்துவின் தையல் மெஷின் எண்ணெய் டப்பா, முக்கால் இருந்தது, ஊற்றிவிட்டேன். மெல்லிய எண்ணெய், இன்னும் நன்றாகவே ஓடும்."

ஆகஸ்ட் 25. கேட்.

ரிப்பேர் புத்தகத்தில் பிரேக் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம். அகராதி தேவைப்படவில்லை. மெஷின் எண்ணெய், இன்ஜின் எண்ணெய் எதுவும் சேரக் கூடாது. சேர்ந்தால் ரப்பர் உப்பும், பிரேக் பிடிக்காது.

பின்சக்கர ரப்பரும்.

இதற்கு மேல் இன்று எழுதவில்லை.

அக்டோபர் 9, வெள்ளி. ஆயுத பூஜை

தூக்கம் இல்லை. காலையில் ஒரு வாதம் தோன்றியது. ஆயில் மட்டம் இறங்கும் என்றால் அதை அவன் வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டாமா? பத்து மணி வரை இந்த வாதம் நின்றது. பிறகு நிற்கவில்லை. வரச் சொன்னான் என்று நானே எழுதியிருக்கிறேன். மசியில்.

டைரியில் அடித்தல் திருத்தல் செய்வதில்லை. தாளைக் கிழிப்பதும் இல்லை. கை அந்தத் தாளின் மேல் சற்று நேரம் இருந்தது, அதையும் எழுதி வைக்கிறேன்.

குழாய்க்காக மட்டும் போனேன். பாட்டிலை எடுத்துப் போகவில்லை. கேட்டைத் தாண்டி மார்க்கெட் தெருவில் கடை. முன்பு இரண்டு ஷட்டர், இப்போது ஒன்று. மற்றதில் வளையல் கடை. உள்ளே இரண்டு ஸ்கூட்டர், ஒரு சைக்கிள் ரிக்‌ஷா. கார் ஒன்றுகூட இல்லை. வாசலில் வாழைக்கன்று.

ஏகாம்பரத்துக்கு முன்தலை நரைத்துவிட்டது. நாற்பதுகூட இருக்காது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், பழக்கத்தில். பிறகு உட்கார்ந்துகொண்டான்.

"இன்னா சார், தெரு மறந்து வந்துட்டீங்களா?"

"பிரேக் பைப் முனை மடிக்கணும். நாலு முனை. உன்கிட்டதான் கருவி இருக்கு."

"கீது. தோ பாருங்க." சுவரோரம் பலகையில் ஸ்பானர், ஜாக்கி, சுத்தி எல்லாம் வரிசையாக, நடுவில் அந்தக் கருவி. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு கிள்ளு கதம்பம்.

"அப்ப எடு."

"பூஜைல வெச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது சார். நாளைக்குத்தான். உங்க சாமிக்கு ஞாயித்துக்கெழம மாதிரி, எங்க ஸ்பானருக்கு இன்னிக்கு லீவு."

வேறு நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அவன் மனைவி பொரியும் கடலையும் காகிதத்தில் கட்டிக் கொடுத்தாள். முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள்.

"ஸ்கூல் வேன் வரதில்லையா?" என் வாய்தான் கேட்டது. ஏன் கேட்டது என்று தெரியவில்லை.

"அது போயி ரெண்டு வருசம் ஆவுது. பெரிய டீச்சரம்மா காரணமே சொல்லல. 'வேணாம்பா, வேற ஆள் பாத்துட்டோம்'னாங்க. வேனு போச்சு, அதப் பாத்து மத்த வண்டியும் போச்சு. இன்னா பேஜார்டா இதுன்னு நானும் ரொம்ப நாளு யோசிச்சுகினு இருந்தேன்."

பொரியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். லூர்து கேட்டாள், "பூஜைப் பொரி யார் குடுத்தா?" வழியில் என்றேன்.

அக்டோபர் 10, சனி

காலை எட்டுக்குக் கடை. கருவி மேல் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஏகாம்பரம் நாலு முனையும் மடித்தான். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஒன்றை வெட்டி எறிந்து மறுபடி மடித்தான். சுத்தமான வேலை. அன்றைக்கும் சுத்தமாகத்தான் செய்திருப்பான்.

கொடுக்கும்போது சொன்னான்: "வண்டிய மட்டும் நான் தொட மாட்டேன் சார். கொலகாரன்னு சொன்ன வண்டி அது. பைப்பு தனி, வண்டி தனி."

"யார் தொடச் சொன்னது?"

இதுதான் நான் சொன்னது. சொல்ல வேண்டியது வேறு. அது தொண்டை வரை வந்தது, அதற்குள் சைக்கிள் ரிக்‌ஷாக்காரன் வந்துவிட்டான். ரிக்‌ஷாக்காரன் வராவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அக்டோபர் 11, ஞாயிறு

பூசை. லூர்துவால் முழங்கால் போட முடியாது, உட்கார்ந்தே இருந்தாள். நான் போட்டேன். எழும்போது பெஞ்சைப் பிடித்து எழுந்தேன். செபம் எதுவும் வரவில்லை.

வேலை செய்யவில்லை. ஷெட் பக்கமே போகவில்லை. மத்தியானம் மீன் குழம்பு. முள் நிறைய.

அக்டோபர் 12, திங்கள்

குழாய் மாட்டியாயிற்று. எல்லா ரப்பரும் புதிது. புது பிரேக் ஆயில் ஊற்றியாயிற்று. இனி குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் மிதியை அமுக்க, ஒருவர் சக்கரத்தருகே சிறு திருகைத் திறந்து மூட வேண்டும். காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது.

ஆள் இல்லை. மிதிக்கும் சீட்டுக்கும் நடுவே துடைப்பக் கட்டை கொடுத்துப் பார்த்தேன். கட்டை எகிறி என் மோவாயில்.

லூர்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை, ஆனால் உதட்டை மடித்துக்கொண்டாள்.

"நகருங்க. நான் அமுக்கறேன்."

"வண்டியில ஏற மாட்டேன்னியே?"

"சக்கரம் இல்லாத வண்டி எங்க போயிடப் போகுது. இது வெறும் நாற்காலி."

ஏறினாள். இரண்டு வருஷம் ஒன்றரை மாதம் கழித்து. இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். அதைப் பார்க்காமல் திருகைப் பார்த்தேன்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"பிடிச்சுக்கோ. விடு. அமுக்கு."

"மூணாங் கிளாஸ் வாய்ப்பாடு மாதிரி இருக்கு."

ஒரு மணி நேரம். ஒன்றரை டின் காலி. "இப்ப எப்படி இருக்கு?" என்றேன். "இட்லி மாவுல கால வச்ச மாதிரி இருக்கு" என்றாள். காற்று போகவில்லை.

அக்டோபர் 13, செவ்வாய்

மழை. ஷெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் மேல் சத்தம், கத்தித்தான் பேச வேண்டும்.

மறுபடி அதே வேலை. மறுபடி இட்லி மாவு. எல்லா இணைப்பையும் முறுக்கிப் பார்த்தேன். கசிவு எங்கும் இல்லை. ஏகாம்பரம் மடித்த முனைதான் சரியில்லை என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதும் எனக்கே உடம்பு கூசியது.

லூர்து இறங்கி, குடையோடு சுற்றி வந்து, சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் குனிந்தாள்.

"காத்து இதுல எந்த வழியா வெளிய வரணும்?"

திருகைக் காட்டினேன்.

"இது தாடைக்கு அடியில இருக்கே. காத்து மேல தானே போகும்? வென்னீர்ப் பையில காத்தெடுக்க வாய மேல பிடிப்போமா, கீழ பிடிப்போமா?"

"உனக்கு என்ன தெரியும்? உள்ள போ" என்று கத்தினேன். மழைக்காகக் கத்தியது இல்லை.

போய்விட்டாள்.

புத்தகத்தில் படம். திருகு மேலே. வலது தாடையை இடது பக்கமும் இடது தாடையை வலது பக்கமும் மாட்டியிருக்கிறேன். போல்ட் இரண்டு பக்கமும் பொருந்தும், அதனால் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் இல்லை. பார்க்கவில்லை. முப்பத்தோரு வருஷம் வலதுக்கு ஒரு நம்பர், இடதுக்கு ஒரு நம்பர் என்று ஒட்டியவன்.

அக்டோபர் 14, புதன்

மழை விட்டது. தாடைகளைக் கழற்றி மாற்றி மாட்டினேன். குழாயைக் கொஞ்சம் வளைக்க வேண்டியிருந்தது. ஏகாம்பரம் மடித்த முனைகள் ஒரு சொட்டுக்கூட விடவில்லை.

லூர்துவைக் கூப்பிட வாய் வரவில்லை. அவளே வந்து ஏறினாள். மூன்றாவது டின். பத்தே நிமிஷம். குமிழ் குமிழாக வந்து நின்றது.

"இப்ப?"

"கல்லு."

அவ்வளவுதான் சொன்னாள். "நான் சொன்னேன்ல" என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாதது இன்னும் கஷ்டம். பிறகு மிதியில் கால் வைத்தபடியே கேட்டாள்:

"ஏகாம்பரம் அன்னிக்கு அப்படி என்னதான் தப்பு பண்ணினான்? ரப்பரு ரப்பருன்னு சொல்றீங்க, எனக்குப் புரியற மாதிரி ஒரு தடவை சொல்லுங்களேன்."

ஸ்பானர் எங்கே என்று தேடினேன். ஸ்பானர் கையில்தான் இருந்தது.

அக்டோபர் 15, வியாழன்

சக்கரம் மாட்டி வண்டியைத் தனியாக எடுத்தேன். செம்பாக்கம் ஏரிக்கரை ரோடு. ஆள் நடமாட்டம் இல்லை, ஒரு எருமைக் கூட்டம் மட்டும். முப்பது மைல் வேகத்தில் மிதித்தேன். மூக்கு கீழே குனிந்து நின்றது. இறங்கித் தப்படி வைத்து அளந்தேன், பதினேழு தப்படி. நாற்பதில் மிதித்தேன். நேர் கோடு. ஒரு பக்கமும் இழுக்கவில்லை. எட்டுத் தடவை. எட்டுத் தடவையும் நின்றது.

சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எருமைகள் போய் முடிந்தன.

திரும்பும்போது வேண்டுமென்றே கேட் வரை போனேன். மூடியிருந்தது. பத்தடிக்கு முன்னால் நின்றேன். கேட்காரர் பழைய ஆள்தான். கொடியைத் தூக்கி, "நின்னுட்ச்சு சார்! எங்க கம்பம் பொழச்சுது" என்றார். பக்கத்து லாரியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் லூர்துவிடம் போனேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். 68 டைரியைப் பிரித்து மேஜையில் வைத்தேன். கண்ணாடி போட்டுப் படித்தாள்.

"என் மெஷின் எண்ணெய் டப்பா காலியா இருக்கேன்னு அன்னிக்கே கேட்டேன். எறும்பு குடிச்சிருக்கும்னு சொன்னீங்க."

"ம்."

"அப்ப என் கால ஒடைச்சது ஏகாம்பரம் இல்ல."

"இல்ல."

வெங்காயத்தை முடித்தாள். கடிதத்தையும் சொல்லிவிட்டேன். பாதியில் நிறுத்தினால் மறுபடி வராது என்று பட்டது. அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியாம, என் ஸ்கூலுக்கு, என் பேர வச்சுக்கிட்டா?"

"உன் பேரை எழுதல."

"உங்க பேரப் பாத்தா என் பேரு அவங்களுக்குத் தெரியாதா? கால் போனது போகட்டும். அது என் கால். அவன் பொழப்பு யாருது?"

டைரியை மூடினேன்.

"வண்டி நிக்கும், நம்பறேன். நானே அமுக்கிப் பாத்தேன். ஆனா அவன்கிட்டப் போய்ச் சொல்ற வரைக்கும் அதுல ஏற மாட்டேன். டாக்ஸி வரட்டும்."

அக்டோபர் 16, வெள்ளி

பெரிய டீச்சருக்குக் கடிதம். முதல் தாள்: "அன்றைய சூழ்நிலையில், சில காரணங்களால்." லூர்து சிவப்புப் பென்சில் எடுத்து 'சூழ்நிலை'யை அடித்தாள், 'காரண'த்தை அடித்தாள். இரண்டாம் தாள்: "பிரேக் ஆயில் ஸ்டாக் இல்லாததால்." அதையும் அடித்தாள். மூன்றாவது நாலே வரி. எண்ணெய் ஊற்றியது நான். அவன் வேலையில் குறை இல்லை. நான் எழுதியது தவறு. வேனை அவனிடமே கொடுக்க வேண்டுகிறேன். கையெழுத்து.

அதற்கு மார்க் போடவில்லை, மடித்து உறையில் வைத்தாள்.

நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரிய டீச்சர் படித்துவிட்டு, "கமிட்டியில வைக்கிறேன்" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

அக்டோபர் 17, சனி

68 டைரியோடு கடைக்குப் போனேன். ஏகாம்பரம் ஸ்கூட்டர் சக்கரம் கழற்றிக்கொண்டிருந்தான்.

"மறுபடி பைப்பா சார்?"

"இல்லை. ஒண்ணு படிக்கணும்."

நின்றபடியே படித்தேன். ஆகஸ்ட் 1. ஆகஸ்ட் 10. முடித்ததும் அவன் மண்ணெண்ணெய்த் தட்டில் கையை நனைத்து, விரல் விரலாகத் துடைத்தான். நீண்ட நேரம் துடைத்தான்.

"மெஷின் எண்ண."

"ஆமாம்."

"ரெண்டே நாளு, ஓட்டிட்டு வான்னு சொன்னேன்."

"சொன்னே."

உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டான். "ஏய், இங்க வா. சார், இப்ப படி. மொதல்லேர்ந்து படி. ரெண்டு வருசமா இவ எனக்கே பிரேக்கு பாக்கத் தெரியாதுன்னு நெனச்சுகினு கீறா. வாயத் தொறந்து சொல்ல மாட்டா. எனக்குத் தெரியும்."

மறுபடி படித்தேன். அந்தப் பெண் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி நின்று கேட்டாள். வளையல் கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். அவருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்தேன். அன்று கொலைகாரன் என்றபோது இதைவிடச் சத்தம்.

"வேனு போனதும் என்னாலதான். கடிதம் எழுதினேன். நேத்து மாத்தி எழுதிக் குடுத்திருக்கேன். குடுப்பாங்களோ மாட்டாங்களோ, தெரியாது."

இதற்கு அவன் முகம் மாறியது. முதல் விஷயத்துக்கு மாறவில்லை, இதற்கு மாறியது. ஸ்பானரைத் தரையில் போட்டான்.

"நீதானா அது? போ சார். போ. வாயில எதுனா வந்துடப் போவுது. போய்டு."

வந்துவிட்டேன். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னேனா இல்லையா, இப்போது நினைவில்லை. சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

லூர்துவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டு, ஸ்டெல்லா வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் போட்டு டாக்ஸி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரச் சொன்னாள்.

அக்டோபர் 18, ஞாயிறு

காலை. வெளுத்த வானம், மழை வரலாம். துணிக்கூரை போட்டாயிற்று. ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சட்டை, சின்னத் தொப்பி, மெழுகுவத்தி, எல்லாம் லூர்துவின் மடியில்.

வண்டியில் உட்கார்ந்தே எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

எட்டு நாற்பதுக்குக் கிளம்பினோம். லூர்து இடது காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். ராமநாதன் வாசலில் நின்று கையை மட்டும் ஆட்டினார். கேட் மூடியிருந்தது. நான் மெதுவாகத்தான் வந்தேன், மெதுவாகத்தான் மிதித்தேன். நின்றது. லூர்து இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்திருந்தாள். ரயில் போய், கேட் திறந்து, தண்டவாளம் தாண்டியும் கையை எடுக்கவில்லை.

மார்க்கெட் தெரு முனையில், "நிறுத்துங்க" என்றாள்.

"பத்து மணிக்குக் கோயில்."

"நிறுத்துங்கன்னேன்."

நிறுத்தினேன். ஏகாம்பரம் ஞாயிறும் அரை நாள் திறந்திருப்பான். அவளே கதவைத் திறந்து, அந்தக் காலோடு இறங்கி, சட்டையையும் தொப்பியையும் என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். "நீங்க வர வேணாம்." பையில் டைரி இருந்தது. பேனாவும்.

ஒன்பது ஐந்து. கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிறாள். அவன் மனைவி ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள். லூர்து உட்காரவில்லை. என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. தன் முழங்காலைக் காட்டி ஏதோ சொல்கிறாள். ஏகாம்பரம் தலையைக் குனிந்தே இருக்கிறான்.

ஒன்பது பத்து. இரண்டு தூறல், கண்ணாடியில்.

லூர்து வருகிறாள். பின்னாலேயே அவனும். கையில் ஸ்பானர், மறு கையில் சாக்குத் துணி. என் பக்கம் பார்க்கவில்லை. "ஹேண்ட்பிரேக்கு போடு சார்" என்கிறான். தரையில் சாக்கை விரிக்கிறான். வலது முன்சக்கரத்தருகே படுக்கிறான்.

தொட மாட்டேன் என்ற வண்டியின் போல்ட்டில் ஸ்பானர் வைக்கும் சத்தம். கால்வாசித் திருப்பு இறுக்குகிறான்.